ஆறாவது குழாய்

மழை விட்டு ஒரு மணி நேரம்.
இலை அசையவில்லை.
வூச் நகரின் வடகோடி, ஹெலனூவெக் வளைவு.
டிராமைத் திருப்பி நிறுத்தினால்
எனக்கு ஒன்பது நிமிடம் உண்டு.
நான்கு கழிவறைக்கு.
மீதி ஐந்தும் இன்றைக்கு எறும்புக்கு.

நடைபாதைக் கல்லிடுக்குகள்
கறுப்பாய்க் கொதிக்கின்றன.
சிறகு வைத்தவர்கள் புல்நுனி ஏறி
ஒரு கணம் தயங்கி
யாரோ கையை விட்டதுபோல்
மேலே போகிறார்கள்.
சாகத்தான் சிறகு முளைக்கும் என்பார்கள்.
ஆண்களுக்கு அது சரி.
நாளைக் காலை அவர்களைக்
குப்பை வண்டி பெருக்கிக்கொண்டு போகும்.

பறப்பவளைப் பிடிக்காதே.
சிறகை உதிர்த்துவிட்டு
வாடகைக்கு வீடு தேடுபவள் மாதிரி
சுவரோரம் விரைகிறாளே, அவள்தான்.
சொன்னவன் ஸியெமோவித்,
பணிமனையில் இரவில் பிரேக் பார்ப்பவன்.
மனைவி கட்டிலைக் கொண்டுபோன இடத்தில்
இப்போது அவனுக்கு
நான்கு எறும்புக் குடித்தனங்கள்.

சீருடைப் பையில் ஆறு சோதனைக் குழாய்கள்.
அடியில் தண்ணீர்,
தண்ணீருக்கு மேல் பஞ்சு,
பஞ்சுக்கு இப்பால் ஒரு விரல் நீள
வெறும் அறை.
முழங்காலிட்ட ஓட்டுநரை
ஜன்னல் ஜன்னலாய்ப் பார்க்கிறார்கள்.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
ஆமாம் என்றேன்.
விளக்குவதைவிட அது சுலபம்.

மூன்று நிமிடம் தாமதம்.
பதிவேட்டில் எழுதினேன்: தண்டவாளத்தில் தடை.
அன்று ஊர் நடுவரை
மணியை ஒருமுறைகூட அழுத்தி அடிக்கவில்லை.

வீட்டில், காலுறை இழுப்பறை.
இருட்டு வேண்டும். அசைவு கூடாது. முப்பது நாள்.
சோறு போட வேண்டாம்,
பறக்க வைத்த தசையை
உள்ளுக்குள்ளேயே கரைத்துத் தின்பாளாம்,
முதல் பிள்ளைகளுக்கும் அதையே ஊட்டுவாளாம்.
பார்க்க மட்டும் பார்க்காதே என்றான்.
மிரண்டால் முட்டையைத் தின்றுவிடுவாள்.

பார்த்தேன்.
முதல் நாள் இரவே பார்த்தேன்.
கைபேசி விளக்கின்மேல்
சாக்லேட்டின் சிவப்புத் தாளைச் சுற்றி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
ஏழு முட்டை.
வியாழக்கிழமை நான்கு.
ஞாயிற்றுக்கிழமை
அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இரண்டாவதில் பஞ்சு நழுவி வெள்ளம்.
மூன்றாவதில் பூஞ்சை, சாம்பல் நிறத் தாடி.
நான்காமவள் சிறகைக் கழற்றவே இல்லை.
கல்யாணத்துக்கு முன்பே பிடித்துவிட்டேன் போல.
அவளை மட்டும் பால்கனித் தொட்டியில் விட்டேன்;
தொட்டி விளிம்பில் ஒரு சிட்டு காத்திருந்தது.
ஐந்தாமவளுக்குக் காரணம் தெரியவில்லை.
எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமா என்று
ஸியெமோவித் கேட்டான்,
ரெஞ்சைத் துடைத்தபடி.

ஆறாவது?
ஐந்துதான் பிடித்தேன் என்று
எப்போதோ எண்ணத் தொடங்கியிருந்தேன்.

செப்டம்பர் கடைசி. முதல் குளிர்.
கம்பளிக் காலுறை தேடிக் கையை விட்டதும்
இழுப்பறையின் பின்மூலையில்
கண்ணாடி விரலில் இடித்தது.
சிவப்புத் தாள் கைவசம் இல்லை.
வெறும் குழல்விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.

அவள்.
அவளைச் சுற்றி ஐந்து பேர்,
வெளுத்து, மெலிந்து, தூசியளவு,
பசியோடு.
ஒருத்தி பஞ்சின்மேல் ஏறி
என்னை நோக்கி உணர்கொம்பை ஆட்டினாள்.
நான் அவர்களுக்குச் செய்ததெல்லாம்
மறந்துபோனதுதான்.

ஊசிமுனையில் தேன் வைத்து நீட்டினேன்.
கை நடுங்கியது.
முப்பத்தோரு டன் இரும்பைத்
தினமும் நிறுத்தும் கை.

ராணி இருபது வருடம்கூட இருப்பாளாம்.
எனக்கு ஓய்வு பெற ஆறு.
அதற்குப் பிறகும் எனக்கு என்ன மிச்சமோ, தெரியாது.
இவளை யாருக்கு எழுதிவைப்பது என்று
யோசித்துக்கொண்டே
இழுப்பறையை மூடினேன்,
ஒரு விரற்கடை விட்டு.

இல்லை. முழுதாய்.