ஆறாவது நிமிடம்

தோஹாவில் வெளியே நாற்பத்தாறு டிகிரி.
மூன்று கழுத்துக் குடுவைக்குள் இருநூற்று எண்பது.
நடுவில் நான்,
ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

ஊசியை மெதுவாக அழுத்தக் கூடாது.
தயங்கினால் முன்னால் பிறந்தது பின்னால் பிறந்தது என்று
வயது கலைந்துவிடும்.
ஒரே மூச்சு.
செலீனியம் உள்ளே போகிறது, சூடு சட்டென்று இறங்குகிறது.
சுமக்க முடியாததைக் கரைசல்
ஒரு நொடியில் இறக்கி வைக்கிறது:
எண்ணி முடியாத கருக்கள்.
அதோடு சரி, இனிப் பிறப்பு கிடையாது.
பிறந்தவை வளர்வதுதான்.

நிறமில்லாமல் இருந்தது எலுமிச்சையாகி,
பெயர் தெரியாத ஒரு மஞ்சளாகி,
ஆரஞ்சைத் தொட்டது.
தரை துடைக்க வந்த தில் பகதூர்
கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக் கேட்டார்,
என்ன சாயம் ஊற்றினாய்?
சாயமே இல்லை பாய், எல்லாம் ஒரே பொருள்.
பருக்கப் பருக்கச் சிவக்கும்.
அவர் நம்பவில்லை.
நானும் முதல் வருஷம் நம்பவில்லை.

நாலாவது நிமிடம் வரை பயமில்லை.
தீனி தாராளமாக இருக்கையில்
பொடிப் படிகம்தான் வேகமாக வளரும்,
பெரியதை எட்டிப் பிடிக்கும்,
எல்லாம் ஓர் அளவுக்கு வந்து நிற்கும்.
அங்கேயே அடுப்பை இறக்கி
குளிர்ந்த டொலுயீனை ஊற்றிவிட வேண்டும்.
விட்டால் கணக்கு திரும்பும்.
தீனி வற்றும்.
பொடிசு கரையும்,
கரைந்ததை வாங்கிப் பெரியது இன்னும் பருக்கும்.
யாரும் யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை.
சிறிய உடம்புக்கு மேற்பரப்பு அதிகம், அவ்வளவுதான் காரணம்.

அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது.
மூன்றாம் மாடியிலிருந்து இமெல்டா:
லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். நானும் இருக்கிறேன்.

ஒரு வரிதான். எத்தனை தடவை படித்தேனோ.
நிமிர்ந்தபோது குடுவை
பழைய செங்கல் நிறத்தில் இருந்தது.
புற ஊதா விளக்கில் பிடித்தால்
கூரான ஒளி இல்லை,
எல்லா அளவும் ஒன்றாகப் பேசுகிற மங்கல்.
நோட்டில் எழுதினேன்:
தொகுதி முப்பத்தொன்று. நிறுத்தத் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தை அப்படியே விட்டேன்.

கம்பெனி பஸ்ஸில்
எங்கள் இருவருக்கும் பக்கத்தில் எவரும் உட்கார்வதில்லை,
செலீனியம் அழுகிய முள்ளங்கியாக நாறும்.
அதனாலேயே மூன்று வருஷமாக
ஒரே இருக்கையில் நாங்கள்.
இன்றைக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள்.
விசா பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.
என் ஸ்வெட்டரை முகர்ந்தாள்.
எத்தனையாவது நிமிடம் எடுத்தாய்?
ஆறு, என்றேன்.
ரொம்பச் சிவந்திருக்குமே, என்றாள்.