எட்டு வினாடி

ரவுண்டானா பக்கத்தில் இம்தியாஸ் கடையில்
ஆறு தவணைக்கு எடுத்த பழைய கேமரா.
முன்பு வைத்திருந்தவர் ஓசூர்க்காரராம்.
தோள்பட்டையில் அவர் வியர்வையின் உப்பு
இன்னும் வெள்ளையாய்க் கோடிட்டிருக்கிறது.

முக்காலிக்குக் காசில்லை.
இரண்டு படி கேழ்வரகைத் துணிப்பையில் கட்டி
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து
அதன் மடியில் கேமராவை அமுக்கினேன்.
"அடை வைக்கிறியா? எத்தன குஞ்சு பொரிக்கும்?"
என்றாள் கோமளா.
"காலைல அரைக்கணும் அது, சிந்தாதே"
என்று கீழிருந்து அம்மா.

தீபாவளி. பழையபேட்டை. ஏழு மணி.

முதல் படம் கறுப்பு.
இரண்டாவதில் என் கட்டைவிரல்.
மூன்றாவது, நான்காவது, பதினேழாவது
புகை.
வெடித்ததும் அமுக்கினால்
வெடித்து முடிந்ததுதான் கிடைக்கிறது.
புட்டியிலிருந்து சீறும்போதே திறந்துவிட வேண்டும்,
மேலே போய் விரியும் என்று நம்பி.
விரியாமல் சாய்ந்து
எதிர்வீட்டு முருங்கையில் விழுந்தவை
ஐந்து.

இருட்டில் ஃபோகஸ் பிடிபடாமல்
லென்ஸ் முன்னும் பின்னும் போய்
கன்றைக் காணாத மாடாய் உறுமியது.
அதை நிறுத்திவிட்டு
சையத் பாஷா மலைக்கு இந்தப் பக்கம் நிற்கும்
செல்போன் கோபுரத்துச் சிவப்புப் பொட்டைப் பார்த்து
வளையத்தைத் திருகினேன்.
பொட்டு சிறுத்துச் சிறுத்து ஊசிமுனை ஆனபோது
மூச்சை அடக்கி
கைக்காயத்துப் பிளாஸ்திரியைப் பிய்த்து
வளையம் நகராமல் ஒட்டினேன்.

பிறகு எண்ணிக்கைதான்.
ஒன்று, இரண்டு என்று வாய்க்குள்.
எட்டில் மூடும்.
அந்த எட்டுக்குள் தெருவே ஓடியது, கத்தியது,
சரவெடிக்குக் காதைப் பொத்தியது,
நாய் ஒன்று ஆட்டோவுக்கடியில் புகுந்தது.

பதினொரு மணிக்குப் பாயில் படுத்து
நூற்று நாற்பத்து மூன்றையும் தள்ளிப் பார்த்தேன்.
ஒன்றே ஒன்று.
நான்கு ராக்கெட்டுகள்
தண்டோடு பூத்து நிற்கின்றன.
மலை தன் இடத்தில்.
ஓடிய பிள்ளைகள் ஒருவரும் இல்லை,
அவர்கள் கையில் சுழன்ற மத்தாப்பு மட்டும்
தெருவெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறது.
பைக்கில் போனவனும் இல்லை,
ஒரு சிவப்புக் கோடு போயிருக்கிறது.

இடது மூலையில்,
எதிர்மாடித் தண்ணீர்த்தொட்டி ஓரம்,
திம்மராஜ் அண்ணன்.
சட்டைப் பொத்தான் வரை தெளிவு.
எட்டு வினாடியும் அசையவே இல்லை மனிதர்.

ஆடியில் நாகவேணி அக்கா போனாள்.
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து
பஸ்ஸுக்கு நின்றவள்.
இந்த வருஷம் அந்த வீட்டில் பண்டிகை இல்லை என்று
மத்தியானம் அதிரசம் கொடுத்தனுப்பினோம்.
படத்தில் அந்தத் தட்டு
அவர் பக்கத்தில் அப்படியே.
விளிம்பில் பச்சையாய் ஒரு ராக்கெட்.
அவர் வானத்தைப் பார்க்கவில்லை.
எதைப் பார்க்கிறார் என்று
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
கட்டம் கட்டமாய் உடைந்துபோனார்.
நிறுத்திக்கொண்டேன்.

"மூலைய மட்டும் வெட்டிடுங்க,
பட்டாசு தனியா எடுப்பா நிக்கும்"
என்றான் இம்தியாஸ் மறுநாள்.
வெட்டிப் பார்த்தேன்.
நகைக்கடைக் காலண்டர்.
பழையபடி மாற்றிவிட்டேன்.
ஸ்டேட்டஸில் வைக்கவில்லை,
அழிக்கவும் இல்லை.

சாயங்காலம் தட்டு திரும்பி வந்தது.
கழுவித் துடைத்து, ஒரு பிடி சர்க்கரை போட்டு
அவரே கொண்டுவந்தார்.
"ராத்திரி மாடியில போட்டோ புடிச்சியேம்மா,
நல்லா வந்துச்சா?"

"எல்லாம் ஆடிப்போச்சுண்ணா"
என்றேன்.

"அடுத்த வருஷம் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிடு"
என்று சொல்லி, கொஞ்ச நேரம் நின்று,
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

பை காலையிலேயே மாவு மில்லுக்குப் போய்விட்டது.
கேமராவின் அடியில், திருகு போடும் துளையில்,
ஒரு கேழ்வரகு மணி சிக்கியிருக்கிறது.
ஊக்கு வைத்து எடுத்துவிடலாம்.