பந்திக்குப் பிந்து

இரவு ஒன்று இருபது.
தூத்துக்குடி பீச் ரோடு, பரோட்டாக் கடை மாடி.
திரைக்குள்ளே இந்துமாக்கடல்.
அதில் ஒரு பச்சை முக்கோணம்.
முக்கோணத்துக்குள் அறுபதாயிரம் டன் நிலக்கரி,
இருபத்திரண்டு பேர்,
ஒரு சமையல்காரரின் பல்வலி.
(கேப்டன் நேற்று எழுதியிருந்தார்.)

இன்னும் ஆயிரத்து நானூறு கடல் மைல்.
பதின்மூன்றரை நாட் வேகத்தில்
அடித்துப் பிடித்து வருகிறது அல்கியோனி.
எதற்கு?
ஒன்பதாம் பெர்த்தில் இன்னொருத்தி
வயிறு நிறையக் கரியோடு படுத்திருக்கிறாள்.
வெள்ளி மதியத்துக்கு முன் எழுந்திருக்க மாட்டாள்.

பந்திக்கு முந்து என்று எவனோ சொல்லிவைத்ததைக்
கடல்தான் அதிகம் நம்பியது.
முந்தி வந்து 'வந்துவிட்டேன்' என்று
கடுதாசி நீட்டினால் முந்தி இலை.
அதனால் கப்பல்களெல்லாம்
எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓடிவந்து
முயல்தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டு
மூன்று நாள் கொட்டாவி விட்டன.
நின்ற இடத்திலும் புகை.

இப்போது இலையில் பெயர் எழுதிவிடுகிறோம்.
அலை உயரம், நீரோட்டம்,
பைலட்டின் தூக்கம், கிரேனின் முட்டுவலி
எல்லாம் ஒரே தாளில்,
ஆறு மணிக்கொரு தரம் மனசு மாறும் தாளில்.
தட்டினேன்:
'பதினோரு நாட் போதும்.
வெள்ளி, பிற்பகல் மூன்று.
உங்கள் இடம் உங்களுக்கே.'

பதில் வரவில்லை.
கீழே கல்லில் கொத்துகிற சத்தம் நின்றுபோனது.
பிறகு வந்தது:
'தாமதமென்று சரக்குக்காரன் வழக்குப் போட்டால்
என் சம்பளத்திலா பிடிப்பீர்கள்?'

நியாயம்.
கடலில் அவசரத்துக்கு யாரும் ரசீது கேட்டதில்லை.
நிதானத்துக்குத்தான் கையெழுத்து வேண்டும்.
மூன்று கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

முக்கோணம் அப்படியே இருந்தது.
எண் மட்டும் இறங்கியது.
13.5
13.1
12
11

ஒரு நாள் பிந்தும்.
நாற்பது டன்னுக்குக் கிட்ட எண்ணெய்
எரியாமல் தொட்டியிலேயே கிடக்கும்.
எழாத புகைக்கு நிழல் கிடையாது,
யாரிடம் காட்ட?
மேலாளர் அதைப் பச்சைப் பட்டையாக வரைந்து
சுவரில் ஒட்டியிருக்கிறார்.

சூசை ரோச்சுக்குப் பட்டை வேண்டாம்.
ராத்திரி பதினோரு விளக்கு நின்ற இடத்தில் மூன்று.
'சங்கிலியிலே மாட்டி
இந்த மாசம் ஒரு வலையும் கிழியல' என்றார்,
மற்றபடி மீன் இல்லை என்றும்.

தர்மக்கண் அண்ணாச்சிக்கும் தெரிகிறது.
நிற்கிற கப்பலுக்கு வெங்காயம், முட்டை, கோழி
படகில் ஏற்றி விற்ற மனுசன்.
'நீ மிச்சம் பிடிச்ச எண்ணெயிலே
என் வெங்காயம் அழுகுது பிள்ள.'
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
மூன்று மணிக்கு பெர்த்துக்கே கொண்டுவாங்க,
நேரம் நான் சொல்கிறேன் என்றேன்.
'ஒரு வேளைச் சோத்துக்கும் மூணு நாள் சோத்துக்கும்
உன் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாதோ?'
தெரியாது.
என் தாளில் அவருக்குக் கட்டம் இல்லை.

விடிந்து, உப்பளம் தாண்டித்தான் வீடு.
பாத்தியில் நிற்கிற தண்ணீருக்குச்
சும்மா இருப்பதே வேலை.
சும்மா இருந்து இருந்தே அது வெள்ளையாகிறது.
காத்திருப்பது எல்லோருக்கும் நஷ்டமில்லை,
கப்பலுக்கு நஷ்டம்,
அண்ணாச்சிக்கு லாபமாக இருந்தது.

வெள்ளி, இரண்டு ஐம்பத்தைந்து.
பைலட் ஏணியில் ஏறி அரை மணியாகிறது.
எங்கும் நிற்காமல் உள்ளே வந்தது அல்கியோனி,
மூக்கில் தொங்கும் நங்கூரத்தில்
காய்ந்த உப்போடு, சேறில்லாமல்.

முதலில் இறங்கியது சமையல்காரர்.
கன்னத்தோடு சேர்த்துக் கட்டிய துண்டு.
என் கணக்கால் ஒரு நாள் கூட வலித்த பல்.
முந்தி வந்திருந்தாலும்
அங்கே வெளியே நின்றபடி
கரையைப் பார்த்துப் பார்த்து வலித்திருக்கும்
என்று சொல்ல நினைத்தேன்.
அவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.