வலையின் வயது

பத்து விநாடிக்கு ஒருமுறை
காற்றுத்துப்பாக்கி கடலைத் தட்டுகிறது.
ஆறு கிலோமீற்றர் வடம்
பின்னால் இழுபட்டபடி கேட்கிறது.

திருகோணமலை வெளிச்சவீடு
மேற்கே ஒரு சிமிட்டல். அதிகாலை மூன்று பத்து.
என் திரையில் கோடுகள்
சாக்குத் தையல்போல் நெருங்கி இறங்குகின்றன.
ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது.

அதுதான் ஆறு.
இந்தக் கரையும் அந்தாட்டிக்காவும்
ஒட்டிக் கிடந்த காலத்து ஆறு.
சுமந்துவந்த மணலை இறக்கிவிட்டு
அங்கேயே கல்லாகிவிட்டது.

மணல் இருக்கிறது, சரி.
ஒரு மணலுக்கும் மறு மணலுக்கும் இடையில்
எண்ணெயா, உப்புத்தண்ணியா,
எதிரொலி அதைச் சொல்லாது.
'சாத்தியம்' என்று எழுதினேன். அழித்தேன்.
'இருக்கலாம்.'

காவல் படகிலிருந்து வோக்கியில்
கிண்ணியா ரஜாப்தீன்:
"என்ன தம்பி, ஏதும் பட்டதா?"
"ஒரு ஆறு, காக்கா."
"எவ்வளவு ஆழம்?"
"மூவாயிரம் மீற்றர். இப்ப ஓடுறதில்ல."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அப்ப, முந்தநாள் உங்கட வடம் அறுத்த
என்ட வலையை
அந்த ஆத்துலதான் தேடணும் போல."

நட்டஈட்டுப் படிவம் மேசையில் கிடக்கிறது.
வலையின் நீளம், பாகத்தில்: நாற்பது.
வலையின் வயது என்ற கட்டத்தில்
அவர் ஒன்றும் எழுதவில்லை.

பத்து விநாடி.