மூடிக்குள் சிவப்புப் பொத்தான்

பெட்டியை விகாந்தாஸ் எடுத்துப் போனான்.
அதன் வயர்களை, டிஸ்க்குகளை,
டிவிக்கு மேலே ஒட்டுகிற மெல்லிய பட்டையையும்.
கையில் பிடித்து வீசுகிற வெள்ளைக் கட்டைகள் இரண்டும்
சோபா இடுக்கில் கிடந்ததால்
எனக்கு மிஞ்சின.
வக்கீலின் தாளில் இவை இல்லை.

கௌனாஸில் நவம்பர்.
ஏழாவது மாடி. ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு.
கீழே டிராலிபஸ்
கம்பியில் பொறி தட்டித் திரும்புகிறது.
ரூஸ்னேக்கு ஒன்பது வயது.
பௌலிங் ஆட வேண்டுமாம், இன்றைக்கே.
என்னிடம் இருப்பது
ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்,
சந்தையில் நான்கு யூரோவுக்கு வாங்கிய
நகத்தளவு ப்ளூடூத்.

ஒன்றையும் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன்.
நான்கு நீல விளக்குகள்
துடித்தன, துடித்தன,
அணைந்தன.
சாதனம் எதுவும் இல்லை, என்றது திரை.
இதோ கையில் இருக்கிறதே, என்றேன் திரையிடம்.

மறுபடி.
இந்த முறை கடவுச்சொல் கேட்டது.
அப்படி ஒன்று கிடையாது.
இல்லாததைத் தாண்டிப் போகவும்
ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள்.
தாண்டினேன். சேர்ந்தது.
மூச்சு விடுவதற்குள் பிரிந்தது.

பிறகுதான் புரிந்தது:
எதைத் தொட்டு எழுப்பினாலும்
இது முதலில் கூப்பிடுவது பழைய பெட்டியை.
இருநூறு கிலோமீட்டர் தள்ளி
கிளைபேடாவில் யாருடைய டிவிக்கு அடியிலோ
இருக்கிற பெட்டியை,
பத்து மீட்டர் தாண்டாத குரலில்.

முதுகு மூடியைக் கழற்றினேன்.
பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.
வினிகர் தொட்டுத் துடைத்தேன்.
ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு
ஒரு சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால் பழைய முகவரி மறக்குமாம்.
இவ்வளவுதானா?
இதற்காகவா நான்
இரண்டு வருடம் வியாழக்கிழமை தோறும்
ஒரு டாக்டரம்மாவுக்குப் பணம் கட்டினேன்?

அழுத்தினேன்.
ஒரு விளக்கு மட்டும் நின்று எரிந்தது.

ஆனால் திரையில் கை தெரியவில்லை.
கட்டையின் மூக்குக்கு
எதிரே இரண்டு வெளிச்சப் புள்ளிகள் வேண்டும்.
அந்தப் பட்டைதான் அது. அவனிடம்.
அலமாரியில் துழாவினேன்.
இறந்தவர்கள் நாளுக்கு வாங்கியதில் மிச்சம்,
சிவப்புக் கண்ணாடிக்குள் இரண்டு மெழுகுவர்த்திகள்.
ஒரு சாண் இடைவெளியில்
திரைக்குக் கீழே ஏற்றி வைத்தேன்.

"அது செத்தவங்களுக்குல்ல?" என்றாள் ரூஸ்னே.
"நெருப்புக்குத் தெரியாது."

திரையில் ஒரு கை முளைத்தது.
ஜன்னல் இடுக்கில் காற்று வர
சுடர் சாய்ந்தது, கையும் சாய்ந்தது.

அப்போதுதான் அந்த முகங்கள்.
கட்டைக்குள் ஒரு துளி நினைவு உண்டாம்,
அதைப் பெட்டி எடுத்துப் போவதில்லை.
மூன்று பொம்மைகள் வரிசையாக நின்றன:
முன்பல் இல்லாத ரூஸ்னே,
கோபப் புருவத்தோடு நான் (அவன் வரைந்தது),
இருப்பதைவிட அடர்ந்த தலைமுடியோடு
விகாந்தாஸ் (அதுவும் அவன் வரைந்தது).

கை அவன்மேல் போய் நின்றது, நடுங்கியது.
"அழிக்கவா அம்மா?"
கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது.
"மூணு பேர்னா ஆட்டம் நல்லாருக்கும்," என்றேன்.

அவன் முறை வந்தபோதெல்லாம்
நான்தான் வீசினேன்.
வேண்டுமென்றே ஓரக் கால்வாயில்.
மறுபடியும் கால்வாயில்.
ஐந்தாவது தடவை மணிக்கட்டு தானாகச் சுழன்று
பத்தும் சரிந்தன.
உள்ளங்கையில் கட்டை அதிர்ந்தது.
அந்தத் தலைமுடிக்காரன் திரையில் துள்ளினான்.
சனியன், என்றேன்.
ரூஸ்னே சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள்.

பதினோரு மணிக்கு ஒரு சுடர் அணைந்தது,
கையும் போயிற்று.

மறுநாள் கடையில்
பால், கம்பு ரொட்டி, பாட்டரி,
சிவப்புக் கண்ணாடி மெழுகுவர்த்தி ஆறு.
பில் போடுகிற பெண் குரலைத் தாழ்த்தினாள்:
"நெருங்கினவங்களா?"
என்ன சொல்ல.
தலையை ஆட்டிவைத்தேன்,
ஆமாம் என்றும் இல்லை என்றும் தெரியாதபடி.