பதினைந்து சீட்டு

மங்கலம் ரோட்டில் பூட்டிய நூல் கோடவுனுக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, ராத்திரி ஒரு மணி.
சில்லுக்குப் பதில் சட்டைப் பொத்தான்:
இரண்டு கண் கறுப்பு ஆயிரம்,
நாலு கண் வெள்ளை நூறு.
ரத்தான ஏதோ ஓர் ஆர்டரின் மிச்சம்.
பொத்தானாகப் பார்த்தால் கை நடுங்காது என்பார்
நூல் கமிஷன் திருமூர்த்தி.
எனக்கு நடுங்கும். பொத்தான் விலை எனக்குத் தெரியும்.

என் கையில் ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு.
மேசையில் மூன்று சீட்டு விரிந்தது:
ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏழு, கிளாவர் இரண்டு.
இன்னும் ஒரே ஓர் ஆட்டின் வந்தால் ஃப்ளஷ்.
வரும்வரை என்னிடம் இருப்பது
ஒன்பதும் எட்டும்,
அதாவது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாதவள் பேசாமல் இருந்துகொள்ளலாம்.
எல்லாம் இருப்பவளும் பேசாமல் இருந்துகொள்ளலாம்.
பாதி இருப்பவள்தான் பேசியாக வேண்டும்.
எட்டாயிரம் வைத்தேன்.
சென்னியப்பண்ணன் எட்டுக் கறுப்பைத் தள்ளினார்,
வெற்றிலையை ஒதுக்கக்கூட இல்லை.

நாலாவது சீட்டு, இஸ்பேட் ஆறு.
இப்போது பத்து வந்தாலும் வரிசை சேரும்,
ஐந்து வந்தாலும் சேரும்.
ஒன்பது ஆட்டின்; ஆட்டின் அல்லாத பத்தும் ஐந்தும் ஆறு.
கண்ணில் படாத நாற்பத்தாறில் பதினைந்து என்னுடையவை.
நடுவில் கிடப்பது இருபத்து நாலாயிரம்.
என் முன்னால் முப்பத்தோராயிரம்.
பத்துக்கு இரண்டு தரம் இவர் மடித்தாலே
எனக்குக் கட்டிவிடும்.

சீட்டைக் கவிழ்த்துப் போடுவதை
இங்கே மடிக்கிறது என்போம்.
பதினேழு வயதில் மடிப்பு மேசையில் நின்றவள் நான்.
அட்டை வை, இரண்டு கையையும் முதுகுக்குத் திருப்பு,
காலரை நிமிர்த்து, பாலிதீன்.
பனியன் ஒன்றுக்கு ஒன்பது நொடி.
மடிக்கத் தெரியும்.
அடுத்தவரை மடிக்க வைப்பது
அந்த மேசையில் சொல்லித் தராத வேலை.

"எல்லாம் வெச்சாச்சுங்க" என்றேன்.
கறுப்புப் பொத்தான்கள் சரிந்து
ஒன்று ரிஸ்வானின் டீ கிளாஸ் வரை உருண்டது.

"ஏனம்மணி, நெசமாவா?"

பாதி நெசம். ஆனால்
அதை எந்த முகத்தில் வைத்துக்கொள்வது?
ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்பதுபோல்
ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தது என்னையல்ல.
தன் சீட்டையும் அல்ல.
நொய்யல் மூன்று நிறத்தில் ஓடிய வருஷம்
அவர் சாயப்பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்,
கரண்ட் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
இதை நான் எண்ணியிருக்க வேண்டும்.
நாற்பத்தாறு சீட்டை எண்ணினேன்,
எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தரை எண்ணவில்லை.

"மடிச்சரலாம்னுதான் பாக்கறேன் அம்மணி,
கை வரமாட்டீங்குது."

முப்பத்தொன்றையும் தள்ளினார்.
கவிழ்ந்த சீட்டுகளைத் திருப்பினார்: ராஜா, நாலு.
நாலை வைத்துக்கொண்டு!

கடைசிச் சீட்டு கிளாவர் ராணி.
அவள் யாருக்கும் உறவில்லை.

படியிறங்கும்போது நாலரை.
ஷிப்ட் பஸ் ஒன்று தூங்கும் தலைகளோடு
பல்லடம் பக்கமிருந்து வந்தது.
ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
கணக்கு சரி. ஆள் தப்பு.
பத்துக்கு இரண்டு அல்ல, அவருக்குச் சுழி.
மடிக்காதவரிடம் பாதியைக் காட்டக் கூடாது,
முழுசும் வந்த பிறகு
மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வேண்டும்.

யூனிட் ஷட்டரைத் தூக்கினேன்.
உள்ளே அறுநூறு கிலோ நூல்,
வெள்ளிக்கிழமை கடனுக்கு இறக்கியது,
இன்னும் உறுதியாகாத ஓர் ஆர்டருக்கு.
கைபேசியைப் பார்த்தேன். பையரிடமிருந்து
ஒன்றும் வரவில்லை.
அவனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

சாவிக்காகப் பையைத் துழாவினால்
விரலில் ஒரு நாலு கண் வெள்ளை.
இந்நேரம் திருமூர்த்தி
நூறு ரூபாய் உதைக்குதே என்று
மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார்.