முப்பத்திரண்டுக்கு ஒன்று

மணலிக் கிடங்கில் எடை போட்டுத்தான் கொடுத்தார்கள்.
நூற்று அறுபது கிலோ.
நாலு சக்கரம், மூன்றில் காற்றில்லை.
கிக்கரை மிதித்தேன்,
சுவரை மிதித்ததுபோல் இருந்தது.
"ஜாம் ஆயிடுச்சு யக்கா, காயலாங்கடைக்குத்தான் ஆவும்."
அங்கேதானே நிற்கிறோம் என்றேன்.

பெரம்பூர். அடுக்ககத்தின் அடித்தளம், ஏழாம் தூண்.
ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது:
சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறல்.
எவனோ வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறான்.
முப்பத்திரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஆயில்,
அந்த ஒன்றை மறந்தவன்.
ஆயில் இல்லாமல் ஓடாதா என்றால்
ஓடும்,
கொஞ்ச தூரம்.

எனக்குத் தொழில் பல்.
புரசைவாக்கத்து லேபில்
யாரோ ஒருவரின் வாய் பிளாஸ்டர் அச்சாக வந்து சேரும்,
முகம் வராது.
நாள் முழுக்க அரைத்துவிட்டு
இரவில் இதையும் அரைக்க வந்தால்
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புதுப்பேட்டையில் இர்ஃபான்
அரை மில்லி பெரிய பிஸ்டன் இருக்கு என்றான்.
மூன்று வியாழக்கிழமை இருக்கு என்றே சொன்னான்.
நாலாவது வியாழன்
பிரியாணிப் பொட்டலக் கவரில் சுற்றிக் கொடுத்தான்.
கொருக்குப்பேட்டையில் டெல்லிபாபு
(டெல்லியைப் பார்த்ததில்லை)
சிலிண்டரைக் குடைந்து தந்தான்.
குடைந்த ஜன்னல்களின் ஓரம் பிளேடாக நின்றது.
ரிங் போய் மாட்டினால் ஒரே நொடி.
லேபின் சின்ன பர்ரை மாட்டி
கடைவாய்ப் பல்லின் விளிம்பைப்போல மழுக்கினேன்.

"இன்னும் ரெண்டு மில்லி மேல ஏத்து,
பறக்கும்" என்றார்கள் இருவரும்.
பார்த்தவர் எல்லாரும் கேட்டது ஒன்றே:
எவ்ளோ போகும்?
ஏறவேண்டியது ஏரிக்கரை,
நுழையவேண்டியது சீமைக்கருவேலத்துக்குள்.
பறந்து என்ன செய்ய?

எடை கூட்டினேன்.
ஃப்ளைவீலில் முந்நூறு கிராம் இரும்பு வளையம்.
டெல்லிபாபு கடைந்துகொண்டே தலையை ஆட்டினான்,
வண்டியைக் கனமாக்கக் காசு கொடுப்பவளை
அவன் லேத் பார்த்ததில்லை.
முன் ஸ்ப்ராக்கெட்டில் பதின்மூன்று பல், பன்னிரண்டாச்சு.
தொழிலுக்கு வந்த பதினோரு வருஷத்தில்
நான் பல்லைக் குறைத்தது அன்றுதான்.
அடிவயிற்றுக்குக் காப்பாக
உடைத்த மாநகரப் பேருந்தின் படிக்கட்டுத் தகடு.
அதில் பாதி வாசகம் இருந்தது: 'படியில் பய'
மீதியை ஹாக்ஸா தின்றுவிட்டது.

மூன்று முறை சூடாக்கி, மூன்று முறை ஆறவிட்டேன்.
இரண்டாவது ஆறலுக்குள் தூணில் நோட்டீஸ்:
'நீலப்புகை இரண்டாம் மாடி வரை வருகிறது.
இப்படிக்கு, செயலாளர்.'
வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அவருக்கும் அது பிடித்திருக்கலாம்.

ஞாயிறு விடிகாலை நாலு மணி.
குட்டியானையின் முதுகில் கயிறு போட்டுக் கட்டி
ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி
தையூர்ப் பக்கம், வற்றிய ஏரி.
ஓட்டுநர் ஜோதிலிங்கம்
எருமைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்.
வெடித்த சேற்றில் முதல் கியர்.
முள் கையைக் கிழித்தது, மீண்டும் கிழித்தது.
பிறகு கரை.

பாதி ஏற்றத்தில் மூச்சு விட்டது வண்டி.
ட… ட…
அடுத்தது வரவில்லை.
கிளட்சுக்கு விரல் போவதற்குள்
அந்த முந்நூறு கிராம்
இன்னொரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தது,
கைம்மாற்றாக.
ட, என்றது.
டடட.

மேலே போய் நிறுத்தி
பிளக்கைக் கழற்றினேன்.
கறுப்பென்றால் ஆயில் அதிகம்,
வெள்ளை என்றால் போச்சு.
சட்டைப்பையில் பல் நிற அட்டவணை,
லேபில் திருப்பி வைக்க மறந்தது.
ஒவ்வொரு பல்லாக அருகில் பிடித்துப் பார்த்தேன்.
ஏ-நாலு.
அறுபது வயது, காப்பி, கொஞ்சம் வெற்றிலை.

"யம்மா, எவ்ளோ போச்சு?"
கீழேயிருந்து கத்தினார் ஜோதிலிங்கம்.
எருமைகளும் நிமிர்ந்து பார்த்தன.
பிளக் இன்னும் சுட்டது.
கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.